சீனாவோட யுவேலு அகாடமி நிஜமாவே உலகத்தோட பழைய யூனிவர்சிட்டியா?

கேள்வி: யுவேலு அகாடமிதான் இப்போ ஹூனான் யூனிவர்சிட்டி, அது 976லயே ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க, அப்போ 1088ல வந்த இத்தாலியோட போலோன்யா யூனிவர்சிட்டிய விட பழசுல்ல? இல்ல சும்மா பில்டப்பா?

பதில் 1: பாதி பில்டப்புதான் பாஸ். 976ல சாங்ஷா பக்கத்துல யுவேலு மலை அடிவாரத்துல சோங் வம்ச காலத்துல தொடங்குனது உண்மை, ஆனா அது கன்பூசிய குருகுலம் மாதிரி, டிகிரி எல்லாம் கிடையாது. 1903ல அத நவீன காலேஜா மாத்துனாங்க, ஹூனான் யூனிவர்சிட்டிங்கற பேரே 1926லதான் வந்துச்சு.

பதில் 2: பேர விடுங்க, அதோட மவுசு வேற லெவல். 1167ல கன்பூசிய தத்துவ அறிஞர் சூ ஷி அங்க வந்து இன்னொரு அறிஞர் ஜாங் ஷி கூட மாசக்கணக்குல விவாதம் பண்ணாரு, கேக்க வந்தவங்க குதிரைங்க தண்ணி குடிச்சே குளம் வத்திப்போச்சுன்னு ஒரு கதை இருக்கு (கொஞ்சம் ஓவர்தான்). இப்பவும் அந்த ஹால்ல ரெண்டு பேர் ஞாபகமா ரெண்டு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. வாசல்ல வேற, சூ நாட்டுலதான் (அந்தப் பகுதியோட பழைய பேரு) திறமைசாலிங்க, அதுலயும் இங்கதான் ஜாஸ்திங்கற அர்த்தத்துல ஒரு ஜோடி வரி, என்னா கெத்து பாருங்க!

பதில் 3: கெத்துக்கு காரணமும் இருக்குல்ல, 19ம் நூற்றாண்டுல சிங் அரசுக்கு எதிரா நடந்த தைப்பிங் கலகத்த அடக்குன செங் குவோஃபான் அங்க படிச்சவருதான். ஆனா இப்ப நிக்கற கட்டடம் பெரும்பாலும் மிங், சிங் காலத்துது, மங்கோலியர் படையெடுப்புல ஒருதடவ அழிஞ்சு, 1938ல ஜப்பான் குண்டுவீச்சுலயும் அடிவாங்கி, திரும்பத் திரும்ப கட்டுனது.

கேள்வி கேட்டவர்: ஓ, அப்போ போலோன்யா கூட கம்பேர் பண்றதே தப்பு போல. அந்த குதிரை மேட்டர் சூப்பர் ப்ரோ 😄