ஏற்காடு இறக்கமும் 20 மில்லிமீட்டர் ரைசரும்

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரை உயர்த்துவதற்காக அதன் அடியில் பொருத்தும் துண்டான ரைசரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலைப் பயணத்தையே கணக்கில் கொள்கிறார்கள். சேலத்தில் குடியிருந்துகொண்டு, விடுமுறை என்றாலே ஏற்காட்டுக்கு வண்டியைத் திருப்புகிற எனக்கு, அதன் அருமையும் சிக்கலும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் விளங்கின.

ஏறும்போது இல்லாத தொல்லை இறங்கும்போதுதான் வரும். இறக்கத்தில் உடல் எடை முன்புறம் சரிந்து உள்ளங்கைகளில் தங்குகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது இன்னும் கூடுகிறது. சேலத்தின் விளிம்பில் உள்ள கோரிமேட்டை நெருங்குவதற்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடும். உள்ளங்கையின் ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு அழுத்தப்படுவதால் ஏற்படுவது இது. செலவில்லாத வழி என்பதால் கிளட்ச், பிரேக் லீவர்களை முதலில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்த்தேன். மணிக்கட்டு வலி குறைந்ததே தவிர, விரல்கள் மரத்துப்போவது நிற்கவில்லை. அதன் பிறகே, ஹேண்டில்பாரின் தடிமன் 22 மில்லிமீட்டரா 28 மில்லிமீட்டரா என்பதை அளந்து உறுதி செய்துகொண்டு, 20 மில்லிமீட்டர் உயர்த்தும் அலுமினிய ரைசரை வாங்கினேன்.

பொருத்துவது பெரிய வேலை அன்று. பழைய போல்ட்டுகள் நீளம் போதாமல் போகும் என்பதால், ரைசருடன் வரும் நீளமான போல்ட்டுகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். அஸ்தம்பட்டியில் நான் வழக்கமாக வண்டியை விடும் மெக்கானிக் அதை விரைவாகவே முடித்துவிட்டார். ஆனால் வண்டியைக் கொடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினார், சத்தத்தில் மாற்றமில்லை. இடப்பக்கம் முழுதாகத் திருப்பியதும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமியது. உயர்ந்துவிட்ட ஹேண்டில்பார் ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்துப் பிடித்திருந்தது. "வளைவுல வண்டி தானா பாய்ஞ்சா என்ன பண்ணுவீங்க சார்?" என்று கேட்டுவிட்டு, டேங்கைக் கழற்றி, கேபிளைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, வேறு வழியாகக் கொண்டுவந்து, தளர்வையும் சரிசெய்தார். அந்த அரைமணி நேர வேலைக்குத்தான் உண்மையில் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேபிளை இப்படி நகர்த்திச் சமாளிக்கலாம். பிரேக் ஆயில் செல்லும் குழாயான பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் விறைத்து நின்றால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆறடி உயரமுள்ள என் அலுவலக நண்பர் 40 மில்லிமீட்டர் ரைசர் போட்டபோது அதுதான் நடந்தது. நீளமான ஹோஸ், புதிய பிரேக் ஆயில், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை என்று, ரைசரின் விலையைவிட மற்ற செலவு மிஞ்சிவிட்டது.

இப்போது மலையிலிருந்து இறங்கினால் விரல்கள் மரத்துப்போவதில்லை. நிமிர்ந்து உட்காருவதால் எடை பின்பக்கம் நகர்ந்து, ஏற்றத்தில் முன்சக்கரம் சற்று இலேசாகத் தோன்றுகிறது. வளைவுகளில் உடலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் அது சரியாகிவிடுகிறது. தொப்பூர் வழியாகத் தர்மபுரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் மட்டும், முன்பு தோளைத் தடவிக்கொண்டு போன காற்று இப்போது நேராக நெஞ்சில் மோதுகிறது. அதற்காக ஒரு சிறிய முன்கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறேன்.