கட்டைவிரலும் குங்குமமும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள், வேலூர்

அக்கா (காட்பாடி): தம்பி, குடியாத்தம் அத்தை வெள்ளிக்கிழமை உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரப்போவதில்லையாமே? இப்போதுதான் போனில் பேசினேன். குரலே சரியில்லை.

அண்ணன்: வருவதாகத்தானே சொன்னார்கள்? பத்திரிகைப் படத்தைக் குழுவில் போட்டதும் கட்டைவிரல் போட்டிருந்தார்களே. அதை நம்பித்தான் சமையல்காரரிடம் இலைக்கணக்கு சொன்னேன்.

அத்தை (குடியாத்தம்): பார்த்துவிட்டேன் என்பதற்குப் போட்டேன்ப்பா. வருகிறேன் என்று எங்கே சொன்னேன்?

அண்ணன்: அத்தை, உங்களைத் தனியாக வேறு அழைக்க வேண்டுமா? இது உங்கள் வீட்டு விசேஷம்.

அத்தை (குடியாத்தம்): என் வீட்டு விசேஷம் என்பதால்தான் மனசு கேட்கவில்லை. உன் அப்பா இருந்தவரை முதல் பத்திரிகை எனக்குத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நின்று நீட்டுவார்கள். அண்ணி குங்குமச் சிமிழைத் திறந்து காட்டுவார். உள்ளே என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் படித்ததே இல்லை. அவர்கள் பஸ் ஏறி வந்து நின்றதே போதும்.

நான்: அத்தை சொல்வது புரிகிறது. ஊருக்கே போட்ட படத்தில் தனக்கென்று ஒரு வரி இல்லை என்றால் யாருக்கும் வலிக்கும்.

அக்கா (காட்பாடி): எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது, போடுகிறேன். “பேச்சில் சொற்களின் பங்கு 7% மட்டுமே. குரல் 38%, உடல்மொழி 55%.” சரியாகத்தான் இருக்கிறது போல.

சித்தப்பா பெண்: அக்கா, எங்கள் உளவியல் வகுப்பில் இதைப் படித்தோம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வந்த கணக்கு. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் கேட்க வைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். பிடிப்பு, வெறுப்பு மாதிரி உணர்வுகளைப் பேசும்போது மட்டும்தான் இது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். முகூர்த்தம் காலை 6 மணி என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதற்குச் சொல்தான் வேண்டும். ஆனால் அத்தை விஷயம் உணர்வைப் பற்றியது. நேரம், இடம் எல்லாம் படத்தில் வந்துவிட்டன. ‘நீங்கள் இல்லாமல் முடியாது’ என்பது வரவில்லை.

அண்ணன்: ஆனால் நான் அப்படி நினைத்துத்தானே போட்டேன்?

சித்தப்பா பெண்: எழுதுகிறவருக்குத் தன் குரல் மனதுக்குள் கேட்கும் அண்ணா, படிப்பவருக்குக் கேட்காது. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் இன்னும் சிலரும் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். தங்கள் தொனி புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்குப் படித்தவர்களுக்குப் புரியவில்லை.

சித்தப்பா: இவ்வளவு தூரம் போவானேன், நம் கோட்டையையே பாருங்கள். நான் வகுப்பில் வருடா வருடம் சொல்லும் பாடம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்களே, அதற்கு ஒரு முக்கியக் காரணம் புதுத் தலைப்பாகை. உத்தரவு போட்டவர்களுக்கு அது வெறும் சீருடை. தோல் வைத்த அந்தத் தலைப்பாகை சிப்பாய்களுக்கு மதத்தின் மேல் கை வைப்பதாகப் பட்டது. நெற்றிச் சின்னம் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவும் கூடவே வந்தது. திப்புவின் மகன்கள் கோட்டையில் இருந்தது மாதிரி வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதலில் மறுத்து நின்றவர்களுக்குக் கிடைத்தது கசையடி. உட்கார வைத்து ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். குடியாத்தம் அக்கா, நீங்களும் கட்டைவிரலோடு நிறுத்தாமல் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அத்தை (குடியாத்தம்): கேட்டு வாங்குகிற அழைப்பா தம்பி அது?

சித்தப்பா: அதுவும் நியாயம்தான்.

அண்ணி: அத்தை, நான் சொல்லட்டுமா? பத்திரிகை அச்சாகி வந்தபோது இரவு பத்து மணி. டைல்ஸ் வேலை முடியாமல் இவர் தினமும் அங்கேயே கிடக்கிறார். உங்களுக்கு வைக்க வேண்டிய பத்திரிகையை அன்றே மஞ்சள் தடவி சாமி அறையில் எடுத்து வைத்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் விட்டோம்.

அண்ணன்: [குரல் செய்தி, 0:48]

அத்தை (குடியாத்தம்): என்னப்பா தொண்டை இப்படிக் கட்டியிருக்கிறது? சிமெண்ட் தூசியிலேயே நிற்கிறாயா? மிளகுக் கஷாயம் வைத்துக் குடி.

அக்கா (காட்பாடி): அத்தை, கோபம் போய்விட்டதா?

அத்தை (குடியாத்தம்): அவன் அப்பா குரல் அப்படியே இருக்கிறது. இவ்வளவு நாள் கவனிக்கவில்லை.

அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் குடியாத்தம் வருகிறோம் அத்தை. வெள்ளிக்கிழமை விளக்கு எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே நுழைய வேண்டியது நீங்கள்தான்.

அத்தை (குடியாத்தம்): 12 மணிக்கு எமகண்டம், அதற்கு முன்னால் வந்து தட்டைக் கொடுத்துவிடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அண்ணி: பத்து மணிக்கே வந்துவிடுவோம் அத்தை. சமையலுக்கு நானும் கூட நிற்கிறேன்.