ஆர்மோனியம் ரிப்பேர்: தங்கச்சிமடம்

வணக்கம். எங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் துருத்தியை அசைத்தாலே, கை வைக்காமல் நடு ஆக்டேவ் 'இ' கட்டை ஙொய்யென்று இழுக்கிறது. மேல் 'ஜி' ஊமை. மூன்றரை ஆக்டேவ், டபுள் ரீட் (ஒரு கட்டைக்கு ஒலி எழுப்பும் பித்தளை நாக்கு இரண்டு), அப்பா காலத்துப் பெட்டி. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் இப்படி; உப்புக்காற்றில் பித்தளை ரீடெல்லாம் பச்சைக் களிம்பு.

பிரஷால் தூசி தட்டி, ரீட் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதம் விட்டு இழுத்தாயிற்று. 'இ' கட்டைக்கு ஸ்பிரிங்கும் மாற்றினேன். கட்டைக்கு அடியில் ஒட்டிய தோல் ஊறி, காற்றுத் துளையைச் சரியாக மூடவில்லை என்று சந்தேகம். ரீடைச் சுரண்டவில்லை, சுருதி போய்விடும். ராமநாதபுரத்துக் கடையில் கீபோர்டு வாங்கச் சொல்கிறார்கள். அம்மா அதைத் தொடக்கூட மாட்டார், கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்கு இந்தப் பெட்டிதான்.

ராமேஸ்வரத்திலிருந்து பரமக்குடிவரை, டிசம்பர் 24க்குள் தோல் மாற்றி ரீட் சரிசெய்து தருபவர் யாராவது இருக்கிறார்களா?