‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’: கேட்பச்சா, வேண்டுபடியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒருவர் கேட்ட பிறகே நூலை அச்சிட்டுத் தரும் முறையான ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். அதற்குக் குழுவைச் சேர்ந்த ஐயா ஒருவர் முன்வைத்த ‘கேட்பச்சு’ சுருக்கமான சொல்தான். வங்கியில் ‘டிமாண்ட் டிராஃப்ட்’டுக்குக் ‘கேட்பு வரைவோலை’ பழகிவிட்டது என்ற அவரது வாதமும் சரியே. ஆனால் ‘கேட்பொலி’ ஒலிப்பதிவுக்கு நிலைத்துவிட்ட இந்நாளில், ‘கேட்பு நூல்’ என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் மாணவர்கள் காதில் மாட்டும் கருவியைத்தான் தேடுவார்கள். ‘உடனச்சு’ என்னும் மற்றொரு சொல்லும் பொருந்தாது. இம்முறையின் உயிர் விரைவில் இல்லை. ஒருவர் கேட்கும்வரை அச்சிடாமல் இருப்பதில் இருக்கிறது.

தகட்டைக் கொண்டு அச்சிடும் ஆஃப்செட் முறையில் தகடு செய்யும் செலவு ஒரு படிக்கும் (பிரதிக்கும்) ஆயிரம் படிக்கும் ஒன்றே என்பதால், சில நூறாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். தகடில்லாத டிஜிட்டல் அச்சில் படியின் விலை கூடினாலும் ஒன்றே ஒன்றும் எடுக்கலாம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் ஞாயிறு வகுப்புக்குத் தேவாரத் திரட்டு 18 படிகள் தேவைப்பட்டபோது இவ்வழியைத்தான் நாடினோம். மாதிரிப் படியில் ‘கொன்றை’யின் கொம்பு ககரத்தை விட்டு விலகி, ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நின்றது. நான் வேர்டு கோப்பாக அனுப்பியதை, தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் அச்சகத்தார் திறந்திருக்கிறார்கள். எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் அனுப்பியதும் கொம்பு இடம் சேர்ந்தது. (1903இல் இதே டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் தமிழ்ப் பகுதியை ஈய எழுத்தில் கோத்தார்கள், 1906இல் அப்பகுதி நின்றுபோயிற்று. ஈயம் போன பின்னும் தொல்லை தீரவில்லை.)

அதே பிடிஎஃப்பைப் பிள்ளைகள் கைப்பேசியில் படிக்கிறார்கள், பாட்டிமார் தாளில் கேட்கிறார்கள். ஆகவே மின்னூல் பெருகினால் தாள் நூல் ஒழியும் என்னும் கருத்தை நான் ஏற்கவில்லை. கிடங்கில் அடுக்கி வைக்கும் வழக்கம்தான் ஒழியும்.

என் பரிந்துரை ‘வேண்டுபடி’. ‘ஊறுகாய்’ போல இது வினைத்தொகை. நேற்று வேண்டிய படி, இன்று வேண்டுகின்ற படி, பத்தாண்டு கழித்து யாரோ வேண்டும் படி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ‘வேண்டியபடி’ என்னும் பொருளும் உள்ளே ஒலிக்கிறது. வல்லினம் மிகாது என்பதால் ‘வேண்டுப்படி’ என எழுதிவிட வேண்டாம். முறையை ‘வேண்டுபடி அச்சு’ என்றும் நூலை ‘வேண்டுபடி நூல்’ என்றும் வழங்கலாம். ‘படி’ வாசற்படியையும் பயணப்படியையும் குறிக்குமே என்று தயங்குவோர், ‘கையெழுத்துப்படி’யை நாம் தயக்கமின்றி எழுதிவருவதைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.