1650 அலையெண்ணில மிட் ஐஆர் (நடு அகச்சிவப்பு) பல்ஸ் சீப்புப்பல் மாதிரி வெட்டுப்படுது: நீராவியோ, பளிங்கோ?

கொக்குவிலான்:
வணக்கம். 800 நானோமீற்றர், 100 ஃபெம்டோசெக்கன், 1 கிலோஹேர்ட்ஸ் ரைற்றேனியம் சஃபயர் லேசர் அம்ப்ளிஃபையர். அதுக்குப் பிறகு பிபிஓ பளிங்கு வைச்ச ஓபிஏ (லேசர் ஒளியைச் சிக்னல், ஐட்லர் எண்டு ரெண்டு கதிராப் பிரிக்கிற கருவி). கடைசியில 1.5 மில்லிமீற்றர் சில்வர் காலியம் சல்பைட் பளிங்கில சிக்னலையும் ஐட்லரையும் கலந்து வித்தியாச அதிர்வெண்ணில ஐஆர் எடுக்கிறம். புரதத்தின்ர அமைட் பட்டைக்காக 1650 அலையெண்ணில (ஒரு சென்ரிமீற்றருக்குள்ள 1650 அலை) வைச்சால் நிறமாலை முழுக்க வெட்டு. மாரியில இன்னும் மோசம். டிடெக்டர் எம்சிடி அரே (ஐஆரை உணருற பிக்சல் வரிசை), ஒரு பிக்சலுக்கு 4 அலையெண் அளவு. சிக்னல், ஐட்லரை மறிக்க 3 மில்லிமீற்றர் ஜேர்மேனியம் ஜன்னல். பளிங்கைத் திருப்பி ஐஆரை இல்லாமல் செய்தாலும் டிடெக்டரில ஏதோ மிஞ்சுது. மேசை திறந்தபடிதான், ஏசி 24 பாகை. பளிங்கை மாத்த வேணுமோ?

வாடைக்காற்று:
அவ்வளவு காசைக் கொட்ட முதல் ஒரு சோதனை. 2050 அலையெண்ணுக்கு ரியூன் பண்ணிப் பாருங்கோ. நீராவியும் காபனீரொட்சைட்டும் அங்க பெரிசா உறிஞ்சாது. வெட்டு மறைஞ்சால் நீராவி. மறையாமல் சம இடைவெளியில நிண்டால் ஏதோ ஜன்னலுக்குள்ள ஒளி முன்னும் பின்னும் தெறிக்குது. 1 மில்லிமீற்றர் கல்சியம் புளோரைட்டு ஜன்னலுக்கு அந்த இடைவெளி 3.6 அலையெண்; உங்கட பிக்சல் அதைப் பிரிச்சுக் காட்டவே மாட்டுது. அதால எனக்கு நீராவியிலதான் சந்தேகம்.

கொக்குவிலான்:
2050இல நிறமாலை வழுவழு. 1650 பக்கம் திரும்பினால் 1653, 1685, 1696, 1717இல பள்ளம். ரெஃபரன்ஸால (மாதிரிக்குள்ளால போகாத கதிரின்ர நிறமாலை) வகுத்து விட்டால் காணாதோ?

பளிங்கு:
காணாது. பள்ளத்தின்ர அடியில ஒளியே இல்லை, வகுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய தலையிடி, நீராவிக் கோடு ஒவ்வொண்டும் சாதாரண அமுக்கத்தில 0.2 அலையெண் அளவுதான் அகலம். அதால பல்ஸ் போன பிறகும் பல பத்துப் பிக்கோசெக்கனுக்கு வால் நீளும். பம்ப்-புரோப் (ஒரு பல்ஸால தூண்டி இன்னொண்டால பார்க்கிற முறை) செய்யேக்க அந்த வால், சோதிக்கிற மாதிரியின்ர சைகையோட கலந்து பொய்ச் சைகை தரும்.

இன்னொண்டு. 1650 வேணுமெண்டால் உங்கட சிக்னல் 1413 நானோமீற்றர், ஐட்லர் 1843. ரெண்டுமே நீராவியின்ர 1.38, 1.87 மைக்குரோமீற்றர் பட்டைகளின்ர கரையிலதான் விழுது. அதால ஸ்பெக்ரோமீற்றரை மட்டும் மூடிப் பிரயோசனமில்லை. ஓபிஏயின்ர வாசலில இருந்து டிடெக்டர் வரைக்கும் வரண்ட வாயு ஓடுற மூடின பெட்டி வேணும்.

அந்த நாலு பள்ளத்தையும் குறிச்சு வைச்சிட்டு மூடுங்கோ. மொனோகுரோமேற்றரை (ஒளியை அலையெண் வாரியாப் பிரிக்கிற கருவி) அளவுதிருத்த இதைவிட மலிவான வழி இல்லை.

ஜேர்மேனியத்தையும் கவனியுங்கோ. 1413ஐ நல்லா உறிஞ்சும். 1843 அதின்ர விளிம்பில நிக்கிறதால 3 மில்லிமீற்றர் தடிப்பு காணாது, ஐட்லர் கசியும். டிடெக்டரில மிஞ்சிறது அதுதான். பூச்சில்லாத ஜன்னலெண்டால் ஒரு முகத்தில 36% தெறிச்சு, ஐஆரிலும் பாதிக்கு மேல போயிடும். 3.6 மைக்குரோமீற்றருக்கு மேல மட்டும் விடுற லோங்பாஸ் ஃபில்டர் போடுங்கோ.

கொக்குவிலான்:
பெட்டி 1.2 × 0.6 × 0.3 மீற்றர் வரும். நைதரசன் சிலிண்டர் போதுமோ?

பளிங்கு:
216 லீற்றர். நிமிசத்துக்கு 20 லீற்றர் விட்டால் நேர மாறிலி (ஈரம் மூண்டிலொரு பங்களவுக்குக் குறையிற நேரம்) 11 நிமிசம். 24 பாகை, 55% ஈரப்பதன் எண்டாலே வளியில 1.6% நீராவி. பனிபடுநிலை (ஈரம் படியத் தொடங்கிற வெப்பநிலை) −40க்கு இறங்க 120 மடங்குக்கு மேல குறைய வேணும். கணக்கில 50 நிமிசம் சொச்சம், சுவரிலயும் வயரிலயும் ஒட்டின ஈரம் விட இன்னும் மணித்தியாலங்கள். 47 லீற்றர், 150 பார் சிலிண்டர் இந்த வேகத்தில ஆறு மணித்தியாலம் தாங்காது.

வாடைக்காற்று:
சிலிண்டர் கட்டுப்படியாகாது. எண்ணெயில்லாத கொம்பிரசரோட ஈரமுறிஞ்சி டிரையர் போடுங்கோ, பனிபடுநிலை −40க்கு மேல போகாது. குளிரூட்டி டிரையரை வாங்கி ஏமாறாதேங்கோ. அது +3 பாகையில நிண்டுடும். இதே பெட்டியில 2349 பக்கம் வேலை செய்யிறதெண்டால் காபனீரொட்சைட்டையும் தனியா நீக்க வேணும்.

சிலிக்கோன் குழாய் வேண்டாம், ஈரம் சுவராலயே உள்ள போகும். ரெஃப்லோன் அல்லது செம்புக் குழாய். கரண்ட் போனால் கொம்பிரசர் நிண்டு ஈரவளி திரும்ப ஏறும். பெட்டிக்கு முன்னால ஒரு ஒருவழி வால்வு, சேமிப்புத் தாங்கி ஒண்டு. மாதிரி மாத்த முழு மூடியையும் கழட்டாமல் கையளவு கதவு வையுங்கோ. கேபிள் ஓட்டைகளை அடைச்சிட்டு, உள்ளுக்க கொஞ்சம் மிகையமுக்கம் இருக்கோ எண்டு பாருங்கோ.

கொக்குவிலான்:
சரி அண்ணை. ரெண்டு மாதிரிச் செல்லில (மாதிரி வைக்கிற கூடு) உப்பு ஜன்னல் கிடக்கு, அதையும் மாத்தவோ?

பளிங்கு:
ஓம். சோடியம் குளோரைட்டு இந்த ஈரத்தில மங்கிப்போகும். 1650க்கு கல்சியம் புளோரைட்டு போதும். 1100க்குக் கீழ போற எண்ணம் இருந்தால் பேரியம் புளோரைட்டு.