தீர்ப்பு வருவதற்குள்: மெயின்ஃப்ரேம் வழக்குகளும் நாங்கள் பார்த்ததும்

மெயின்ஃப்ரேமில், அதாவது வங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டரில், வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வழக்கு, பேடண்ட், லைசென்ஸ் எல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். ஜேசிஎல் (மிஷினுக்கு வேலை சொல்லும் கட்டளைகள்) எழுதுவோம், அபெண்ட் ஆனால், அதாவது வேலை பாதியில் விழுந்தால், ராத்திரி எழுந்து பார்ப்போம், அவ்வளவுதான். ஒரு தடவை அந்த விஷயம் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

2010-ஆம் வருஷம். சோழிங்கநல்லூரில் அலுவலகம். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்குக் கெபாசிட்டி பிளானிங், அதாவது மிஷினுக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. மாதாமாதம் பயன்பாட்டைக் காட்டும் எஸ்சிஆர்டி ரிப்போர்ட் எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மெயின்ஃப்ரேமில் ஓடும் முக்கியமான மென்பொருள்களுக்கு மாத வாடகை உண்டு. மிஷின் எவ்வளவு வேலை செய்தது என்பதை எம்எஸ்யூ என்ற அலகில் அளப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும், அதற்கு முந்தைய நாலு மணி நேரச் சராசரி என்ன என்று கணக்காகும். 2-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரை பார்த்து, அதில் எந்தச் சராசரி அதிகமோ அதற்குத்தான் பில். மாதம் முழுக்க மிஷின் சும்மா இருந்தாலும், ஒரே ஒரு நாலு மணி நேரம் தாறுமாறாக ஓடினால் அந்த மாத வாடகை அதுதான். எங்கள் டீமில் ஒருவர், க்ளையண்ட் ஆபீஸ் கூட்டமாக இருக்கும் காலை நேரத்தில், பதிவுகளை வரிசைப்படுத்தும் பெரிய சார்ட் ஜாப் ஒன்றைத் தெரியாமல் சப்மிட் செய்துவிட்டார். கிராஃபில் கோடு செங்குத்தாக ஏறியதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதன்பின் எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாலும் அந்த உச்சி இறங்காது.

இந்தக் கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. இந்த மிஷின்களைச் செய்யும் ஐபிஎம் 2004-ல் ஸாப் என்றும் 2006-ல் ஸிப் என்றும் தனி பிராசசர்களைக் கொண்டுவந்தது. விலை குறைவு. அதில் ஓடும் வேலை வாடகைக் கணக்கில் வராது. ஆனால் எல்லா வேலையையும் அதில் ஓட்டிவிட முடியாது. ஜாவா, எக்ஸ்எம்எல், வெளியிலிருந்து டிபி2 டேட்டாபேஸுக்கு வரும் சில வகைக் கோரிக்கைகள், இப்படிக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும்தான் அனுமதி.

ஒரு சின்னக் கம்பெனி தன் மென்பொருளைக் காட்ட வந்தது. நாம் சாதாரணமாக ஓட்டும் பேட்ச் (மொத்தமாக ஓட்டுவது), சிக்ஸ் (ஆன்லைன்) வேலைகளையே அந்தத் தனி பிராசசருக்குத் தள்ளிவிடலாம் என்றார்கள். க்ளையண்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நம் கணக்குப்படி எவ்வளவு நகரும் என்று பார்க்கச் சொன்னார். எதையும் நிறுவவில்லை, வெறும் காகிதக் கணக்குதான். மூன்று மாத எஸ்எம்எஃப் ரெக்கார்டை (மிஷின் தானே எழுதும் பயன்பாட்டுப் பதிவு) எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்தேன். உச்ச நேரச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கும் போலிருந்தது. படத்தைப் பார்த்த மேனேஜர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த ஃபோன் கால். அதில் புதிதாக ஒரு பெண்மணி, சட்டப் பிரிவிலிருந்து வந்தவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இவர்கள் வழக்கில் மாட்டிக்கொண்டால், மூன்று வருஷம் கழித்து இந்தக் கம்பெனி இருக்குமா?” யாரும் பதில் சொல்லவில்லை. கோப்பு அன்றோடு மூடப்பட்டது. மென்பொருள் நல்லதா கெட்டதா என்ற பேச்சே எழவில்லை. அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபமில்லை, அவர் தன் வேலையைச் செய்தார். ஆனால் அந்த மௌனம் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

அந்தச் சமயத்தில் இப்படிப்பட்ட மென்பொருள் பற்றியே ஒரு வழக்கு வெளிப்படையாக நடந்துகொண்டிருந்தது. டெக்சஸைச் சேர்ந்த நியான் என்ற கம்பெனி 2009-ல், சாதாரண வேலைகளைத் தனி பிராசசருக்குத் தள்ளும் இஸட்பிரைம் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அதை வாங்கவிடாமல் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று அந்த வருஷம் டிசம்பரில் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. இது லைசென்ஸ் மீறல் என்று ஐபிஎம் எதிர்வழக்குப் போட்டது. 2011 மே கடைசியில் சமரசம். இஸட்பிரைம் சந்தையிலிருந்தே போய்விட்டது, இனி விற்கக் கூடாது என்று கோர்ட் தடையும் வந்தது. விசாரணை நடக்கவே இல்லை. மலிவாக விற்ற பிராசசருக்கு வரம்பு போட ஐபிஎம்முக்கு உரிமை உண்டு என்று வாதிக்கலாம், அதில் நியாயமும் இருக்கிறது. அந்த வரம்பு ஒப்பந்தத்தில் உள்ளபடி செல்லுமா என்பதை ஒரு நீதிபதி சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்கு முன்னால் பிளாட்ஃபார்ம் சொல்யூஷன்ஸ் என்று கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி. ஐபிஎம்மின் போட்டியாளரான ஆம்டால் கம்பெனியின் பழைய ஆட்கள் சிலர் சேர்ந்தது. இண்டெல்லின் இடானியம் சிப் போட்ட சர்வரில், ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இஸட்ஓஎஸ்ஸை ஓடவைத்தார்கள். 2006 நவம்பரில் ஐபிஎம் வழக்குப் போட்டது, அவர்கள் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தில் பதில் வழக்குப் போட்டார்கள். 2008 ஜூலையில் ஐபிஎம் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. வழக்கும் முடிந்தது, அந்த மிஷினும் முடிந்தது. அதை நம்பி விற்றுக்கொண்டிருந்த டி3 என்ற ஃப்ளோரிடா கம்பெனி அந்தரத்தில் நின்றது. அவர்கள் ஐரோப்பிய ஆணையம் வரையும் போய்ப் பார்த்தார்கள், அமெரிக்கக் கோர்ட்டிலும் தோற்றார்கள்.

நான் பார்த்த வரையில், சின்னக் கம்பெனியைச் சாய்ப்பது தீர்ப்பு இல்லை. வழக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் வாங்குபவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாரே, அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. இதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்போதும் இப்படித்தானா?

* * *

தம்பி, நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எழுபது வயதாகிறது, சான் ஓசேயில் இருக்கிறேன். ஐஐடி மெட்ராஸுக்கு 1973-ல் ஐபிஎம் 370/155 வந்ததல்லவா, அதில் கார்டு பஞ்ச் செய்து படித்தவன். 1979-ல் இங்கே வந்து, ஐபிஎம் மிஷினோடு பொருத்தக்கூடிய டிஸ்க் டிரைவ் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ‘பிளக் கம்பாட்டிபிள்’ என்பார்கள். ஐபிஎம் டிஸ்கைக் கழற்றிவிட்டு எங்களுடையதைச் சொருகினால் மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது, வாடகை மட்டும் குறையும்.

எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழுந்த பெயர் டெலெக்ஸ். ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இருந்த கம்பெனி. எங்களுக்கு அண்ணன் முறை என்று வையுங்கள். 1971-ல் ஐபிஎம் புது வாடகைத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு வருஷம் கட்டுப்பட்டால் 8 சதவீதம் தள்ளுபடி, இரண்டு வருஷம் என்றால் 16. டிஸ்க், டேப் போட்டியாளர்களைக் குறிவைத்த திட்டம் அது என்று டெலெக்ஸ் 1972 ஜனவரியில் கோர்ட்டுக்குப் போனது. 1973 செப்டம்பரில் தீர்ப்பு: ஐபிஎம் 35.25 கோடி டாலர் கொடுக்க வேண்டும். ஐபிஎம் ரகசியங்களை எடுத்ததற்காக டெலெக்ஸ் 2.19 கோடி கொடுக்க வேண்டும். சின்னக் கம்பெனிகள் எல்லாம் கொண்டாடின, பலர் தாங்களும் வழக்குப் போட்டார்கள். அப்புறம் நஷ்டஈடு 25.95 கோடியாகக் குறைந்தது. 1975 ஜனவரியில் அப்பீல் கோர்ட், இது சாதாரண வியாபாரப் போட்டிதான் என்று சொல்லி மொத்தத்தையும் தள்ளிவிட்டது. ஆனால் டெலெக்ஸ் கொடுக்க வேண்டியது 1.85 கோடியாகக் குறைந்ததே தவிர, போகவில்லை! ஜெயித்தவன் கடன்காரனாகிவிட்டான். சுப்ரீம் கோர்ட் படி ஏறி நின்றுகொண்டிருந்தபோதே, அந்த வருஷம் அக்டோபரில், இரு தரப்பும் ஒன்றும் கேட்பதில்லை என்று கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் கம்பெனியில் இருந்த மூத்த இன்ஜினியர் ஒருவர் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். அவருடைய நண்பர்கள் அங்கே இருந்தார்கள்.

சிடிசி (கண்ட்ரோல் டேட்டா) என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் கதை வேறு மாதிரி. அது சின்னக் கம்பெனி இல்லை. 1968 டிசம்பரில் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டு, ஐபிஎம்மின் லட்சக்கணக்கான பக்க ஆவணங்களுக்குக் கம்ப்யூட்டரில் அட்டவணை தயாரித்தார்கள். 1973 ஜனவரியில் ஐபிஎம் பிறருக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கும் தன் சர்வீஸ் பீரோ கம்பெனியைச் சிடிசிக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. சமாதானத்தின் ஒரு பகுதியாக அந்த அட்டவணை அழிக்கப்பட்டது. ஐபிஎம் ஏகபோகம் செய்கிறது என்று அமெரிக்க அரசு 1969-ல் தொடங்கியிருந்த வழக்கின் வக்கீல்கள் அதை நம்பித்தான் இருந்தார்கள். அந்த அரசு வழக்கு 13 வருஷம் இழுத்து, 1982 ஜனவரியில் சாரமில்லை என்று சொல்லி அரசே வாபஸ் வாங்கியது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கேண்டீனில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. வழக்குகளால் நல்லதும் நடந்தது. 1969 ஜூன் 23-ல் மென்பொருளையும் சேவையையும் மிஷின் விலையிலிருந்து பிரித்துத் தனியாக விற்கப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. வழக்கின் நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். அதுவரை மிஷின் வாங்கினால் மென்பொருள் கூடவே வரும், இலவசம். இலவசத்தோடு யார் போட்டி போட முடியும்? அது தனிப் பொருளான பிறகுதான் மென்பொருள் என்பதே ஒரு தொழிலாக வளர்ந்தது. நீங்கள் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து பார்த்த வேலைக்கும் அதில் ஒரு வேர் இருக்கிறது தம்பி.

ஆம்டால் காபி கப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜீன் ஆம்டால் ஐபிஎம்மை விட்டு 1970-ல் வந்து கம்பெனி ஆரம்பித்து, 1975-ல் முதல் மிஷினை நாசாவுக்குக் கொடுத்தவர். டேட்டா சென்டர் மேனேஜர் மேஜை மேல் ஆம்டால் பெயர் போட்ட கப்பை வைத்திருந்தால், ஐபிஎம் சேல்ஸ்மேன் வரும்போதே விலை குறையும் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் போன ஒரு வங்கியில் அந்தக் கப்பைப் பார்த்தேன். ஆம்டால் மிஷின் ஒன்றுகூட அங்கே இல்லை. அங்கிருந்த மேனேஜர் கப்பில் பேனா போட்டு வைத்திருந்தார், மேஜையின் எதிர்ப்பக்கம், வருபவர் கண்ணில் படும்படி. போட்டியாளர் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆம்டாலும் ஹிட்டாச்சியும் 2000 வாக்கில் விலகிய பிறகு, அந்தக் கப்புக்கு வேலை இல்லாமல் போனது.

* * *

நான் திருச்சி. மெயின்ஃப்ரேமைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் என் லேப்டாப்பில் ஒன்று ஓடியது. ஹெர்குலிஸ் எமுலேட்டர், சாதாரணக் கம்ப்யூட்டரை மெயின்ஃப்ரேம் போல நடக்கவைக்கும் மென்பொருள். ரோஜர் பௌலர் 1999-ல் தொடங்கியது. காலேஜ் முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது, ஐபிஎம்மின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான எம்விஎஸ் 3.8-ஐ அதில் ஏற்றி ஜேசிஎல் கற்றுக்கொண்டேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் லாகான் வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் ஜாப் ‘ஜேசிஎல் எர்ரர்’ என்று திரும்பி வந்தது, ஒரு கமாவுக்குப் பின்னால் இடம் விட்டிருந்தேன். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லாத எனக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அதனால் டர்போஹெர்குலிஸ் பற்றிப் படித்தபோது மனசு கனத்தது. பௌலரே பிரான்ஸில் 2009-ல் ஆரம்பித்த கம்பெனி. பேரிடர் நேரத்தில் மாற்று மிஷினாக ஹெர்குலிஸைப் பயன்படுத்தலாம் என்பது திட்டம். புது இஸட்ஓஎஸ்ஸை அதில் ஓட்ட லைசென்ஸ் தருவீர்களா என்று ஐபிஎம்மைக் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். எந்த அறிவுசார் சொத்து பாதிக்கிறது என்று கேட்டதற்கு 2010 மார்ச்சில் ஒரு பட்டியல் வந்தது: 106 பேடண்ட், 67 விண்ணப்பம். ஓப்பன் சோர்ஸ்காரர்கள் மேல் பயன்படுத்த மாட்டோம் என்று 2005-ல் ஐபிஎம் அறிவித்த 500 பேடண்ட்களில் இரண்டு அந்தப் பட்டியலில் இருந்தன. ஐரோப்பிய ஆணையம் 2010 ஜூலையில் விசாரணை தொடங்கியது. புகார் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வாபஸ் வாங்க, 2011-ல் அந்தப் பகுதி மூடப்பட்டது. பராமரிப்புக்கான உதிரி பாகங்கள் விஷயத்தில் மட்டும் ஐபிஎம் உறுதிமொழி கொடுத்தது. ஹெர்குலிஸ் இன்றும் இருக்கிறது, இலவசமாக, தன்னார்வலர்கள் கையில். கம்பெனியாக நிற்க முடியவில்லை.

* * *

எல்லாவற்றையும் படித்தேன். சான் ஓசே சார், அந்தக் கப் விஷயம் எங்கள் மேனேஜருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்னொன்று சேர்க்கிறேன். பணமும் ஆயுளும் இருப்பவர்கள் மட்டும்தான் கடைசி வரை போகிறார்கள். பிஎம்சி என்ற மென்பொருள் கம்பெனி 2017-ல் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டு, 2022-ல் ஹூஸ்டன் கோர்ட்டில் 160 கோடி டாலர் ஜெயித்தது. 2024 ஏப்ரலில் அப்பீலில் அது போய்விட்டது. பிஎம்சி பெரிய கம்பெனி, தாங்கிக்கொண்டது. எல்இஸட்லேப்ஸ் என்ற ஸ்விஸ் கம்பெனி, மெயின்ஃப்ரேம் புரோகிராம்களை மறுபடி கம்பைல் செய்யாமலே லினக்ஸில் ஓட்டும் மென்பொருள் செய்தது. 2025 மார்ச்சில் லண்டன் கோர்ட், அதன் துணை நிறுவனமான வின்சோபியா ஐபிஎம் லைசென்ஸை மீறியது என்று தீர்ப்பளித்தது. இங்கே விசாரணை முழுதாக நடந்தது, நீதிபதி ஆதாரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த வகையில் எனக்குக் குறை இல்லை. பிஎம்சியைச் சேர்ந்து தொடங்கியவர், நியானுக்குப் பின்னால் இருந்தவர், எல்இஸட்லேப்ஸுக்குப் பணம் போட்டவர் எல்லாம் ஒரே ஆள்தான்: ஜான் மூர்ஸ். அவரைப் போல ஒருவர் பின்னால் இல்லாத கம்பெனி லண்டன் வரை போயிருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் க்ளையண்ட் பில் என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். கையில் இருந்ததைச் செய்தோம். மாதக்கடைசி பேட்ச் ஜாப்களை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளினோம், எல்பார்களுக்கு (மிஷினைப் பிரித்து வைத்த பகுதிகள்) கேப், அதாவது உச்ச வரம்பு, போட்டோம். உச்சி கொஞ்சம் இறங்கியது. கேப் விழும் நாளில் ஆன்லைன் மெதுவாகி, அங்கே க்ளெய்ம் பார்க்கும் ஊழியர்கள் புகார் செய்வார்கள், நமக்கு ராத்திரி ஃபோன் வரும். அந்த மூன்றில் ஒரு பங்குப் படம் என் பழைய ஹார்ட் டிஸ்கில் எங்கோ இருக்கிறது.

நியானிலோ, பிளாட்ஃபார்ம் சொல்யூஷன்ஸிலோ, டி3-யிலோ வேலை பார்த்த நம் ஆட்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். வாங்குபவர் பக்கத்து மௌனத்தை நான் கேட்டிருக்கிறேன். விற்க வந்தவர் அன்று ஃபோனை வைத்த பிறகு அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.