சக்குலன்ட் (நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) வீட்டுக்குள்ளா, மாடியிலா? பட்டவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி_பால்கனி:
ஊட்டி போனபோது நாலு எச்சவேரியா சக்குலன்ட் வாங்கி வந்து டிவி பக்கத்தில் வைத்தேன். ரோஜாப்பூ மாதிரி அடுக்காக இருந்தவை இரண்டே மாதத்தில் கழுத்து நீண்டு, இலைக்கு இலை விரல்கடை இடைவெளி விட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டன. வெளிச்சம் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. கத்திரி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலையும் மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் துணி எடுக்கப் போனால் எல்லாம் சுட்ட கத்திரிக்காய் நிறம். ஒரு இலையைத் தொட்டேன். தோல் மட்டும் விரலோடு வந்துவிட்டது, உள்ளே கொழகொழவென்று, சூடாக. செடி இப்படிச் சுடும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடலூர்_மொட்டைமாடி:
எங்கள் வீட்டில் வெயிலால் ஒன்றும் போகவில்லை, மழைதான் கொண்டுபோனது. ஐந்து வருஷத்து அடீனியம் (பாலைவன ரோஜா), அடிக்கிழங்கு தேங்காய் அளவு. ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. வெயிலையே தாங்கியதற்கு மழை என்ன என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் கிழங்கை அழுத்திப் பார்த்தால் கட்டைவிரல் பள்ளம் அப்படியே நின்றது. அப்புறம் கிளம்பிய நாற்றத்தைச் சொல்ல வேண்டாம்.

தொட்டிமண்:
எனக்கும் இரண்டு செடி போயிருக்கிறது, அதை விடுங்கள். வேளச்சேரி நண்பர் செய்தது தவறு. நிழலில் வளர்ந்த இலையை ஒரே நாளில் மாடிக்கு ஏற்றினால் வெந்துதான் போகும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரம் பழக்க வேண்டும். அதையும் மே மாதத்தில் ஆரம்பிக்கக் கூடாது. இன்னொன்று, எச்சவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி. பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு ராத்திரி குளிர்ச்சியில் திறந்து காற்றை உள்ளே இழுக்கும். சென்னையில் கோடை ராத்திரிகூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள் உண்டு, அது எப்போது இளைப்பாறும்? கிழக்கு பார்த்த பால்கனி இருந்தால் அதுதான் இடம். மண்ணில் பாதிக்குப் பாதி சின்ன ஜல்லி அல்லது செங்கல் தூள் கலக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அழகுக்கு வாங்கும் பீங்கான் கோப்பை பலதிலும் இருக்காது. அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. வீட்டுக்குள் சக்குலன்ட் வைப்பதே வீண் ஆசை என்பது என் கருத்து.

மதுரைக்காரி:
தொட்டிமண் சார், "வீண் ஆசை" என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். என் ஹவோர்த்தியா ஆறு வருஷமாக அடுப்படி ஜன்னலில் இருக்கிறது, குட்டியும் போடுகிறது. புதர் நிழலில் வளர்கிற ஜாதி அது, மாடியில் வைத்தால்தான் சிவந்து சுருங்குகிறது. செடிக்குச் செடி வித்தியாசம் இல்லையா?

என் துக்கம் வேறே. எச்சவேரியா ஒன்று வெளியே வராந்தாவில், இலை முழுக்க வெள்ளைப் பொடி பூசி நிலா மாதிரி இருந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் அத்தை ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறார். "மாவுப்பூச்சி அப்பியிருந்ததும்மா, ஒவ்வொரு இலையாத் துடைச்சிட்டேன்" என்கிறார், முகமெல்லாம் பெருமை. வெயிலுக்கு அது தானே போட்டுக்கொண்ட மெழுகுப் பூச்சு, துடைத்த இலையில் திரும்ப வராது. என்ன சொல்ல? "நல்லதாப் போச்சு அத்தை" என்றேன். இப்போதும் உள் இலைகள் வெள்ளை, வெளி இலைகளில் அத்தையின் விரல் தடம்.

கடலூர்_மொட்டைமாடி:
இதற்குத்தான் எங்கள் அம்மா பிரண்டையும் கற்றாழையும் போதும் என்கிறார். வேலியோரம் கிடக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, துவையலுக்கும் ஆகிறது.

வேளச்சேரி_பால்கனி:
தவறு என்று தெரிந்துதானே சார் இங்கே எழுதினேன். நாலில் மூன்று போய்விட்டன. நாலாவதைத் தூக்கிப்போட மனம் வராமல் வாஷிங் மெஷின் பின்னால் வைத்திருந்தேன். நேற்று பார்த்தால் மொட்டைத் தண்டில் மிளகு அளவு இரண்டு முளை. கிழக்கு பால்கனி எங்களுக்கு இல்லை, மேற்குதான். திரைச்சீலை போட்டு அங்கே வைக்கலாமா, இல்லை மெஷின் பின்னாலேயே இருக்கட்டுமா?